சுக்குப் பொட்டலத்தில் நீல அரைவட்டம்

பெட்டியைத் திறந்ததும் சுக்கு வாசனை முகத்தில் அடித்தது. நான் லோகோ வரைந்து கொடுத்த சுக்குப்பொடியின் முதல் பொட்டலங்கள். அந்த வாசனை என்னை மட்டாஞ்சேரி பஜாரில் அம்மா வேலை பார்த்த கிடங்குக்குள் கொண்டுபோய்ப் போட்டது.

இப்போது அங்கே ஒரு காபிக்கடை இருக்கிறது. அன்று ஓட்டுக் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலில் தூசி சுழல, பெண்கள் முறத்தில் சுக்கைப் புடைக்கும் ஓசை ஓயாத மழைபோலக் கேட்டுக்கொண்டிருக்க, பள்ளி விட்டு வந்த நான் மூலையில் தனியாகக் கிடந்த மூட்டைகளின்மேல் படுத்து, அவற்றில் மையால் போட்டிருந்த நீல அரைவட்டத்தையும் அதன் கீழிருந்த புள்ளியையும் விரலால் வரைந்து வரைந்தே தூங்கிப்போவேன்.

அந்தக் குறிதான் என் லோகோ. வெளியூரைப் பார்த்து வரையாதீர்கள், உங்கள் மண்ணில் கிடப்பதை எடுங்கள் என்று கொச்சியின் இளம் டிசைனர்களிடம் மேடைதோறும் முழங்குகிறவள் நான்.

பொட்டலத்தைப் பெருமையோடு அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடீ, இது பூப்பல் புடிச்ச மூட்டைக்கு நாங்க போடுற அடையாளமாக்கும். யாருக்கும் வித்துடக் கூடாதுன்னு!"

பூசணம் பிடித்த மூட்டை. மற்ற பொட்டலங்கள் காலையிலேயே கடைகளுக்குப் போயாகிவிட்டன.

"அப்போ அதுல என்னை எதுக்கும்மா படுக்க விட்டே?"

"நல்ல மூட்டையில படுத்தா முதலாளி சும்மா விடுவாரா?" என்றாள்.