கார்ட்ரிட்ஜுக்கு லோடு பார்த்த காலம்

ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர் என்பது, வாங்கிய நாளில் பாடின மாதிரியே இன்றைக்கும் பாட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஈயம் உருக்குகிற தொழில். இதே தொழிலில் வெந்தவர்கள் யாராவது படித்தால் பெருமூச்சு விடுவீர்கள், தெரியும். அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் நானும் சிங்காரமும் கூட்டாகக் கடை போட்டோம். கை என்னுடையது, காது அவனுடையது. நான் பற்றவைப்பேன், அவன் ஸ்பீக்கர் முன்னால் ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, போதுமா போதாதா என்று சொல்வான்.

எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது லோடு. ஊசியைப் பிடித்திருக்கும் சின்னக் கட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதிலிருந்து வரும் மின்சாரம் ரொம்பக் கொஞ்சம். அதை ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு உறிஞ்சுகிறதோ, அதுதான் லோடு. பழைய வால்வு செட் பதமாக உறிஞ்சும். புதிதாக வந்த டிரான்சிஸ்டர் செட் ஒரேயடியாக உறிஞ்சும். கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் அதைத் தாங்காது. பாட்டு கேட்கும், ஆனால் அடியில் இருக்கிற கனத்த ஓசையெல்லாம் போய்விடும். நடுவில் அந்த உறிஞ்சலைத் தடுக்கிற பெரிய ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் திரும்பி வரும்.

தவில்காரர் வராத கல்யாணம்

பொதட்டூர்பேட்டையில் மைக் செட் வைத்திருந்த முனிரத்தினம், புது ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். மறுநாள் நெசவுக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். மேளம் வைக்க வசதியில்லை, நாதஸ்வர ரெக்கார்டு போட ஏற்பாடு. போட்டுப் பார்த்தால் நாயனம் மட்டும் வருகிறது. “பொண்ணோட அப்பாரு, தவுல்காரு பஸ்ஸ உட்டுட்டாரான்னு கேக்கறாரு. ஒரே பேஜாராப் பூடுச்சி” என்றார்.

சரிசெய்து கொடுத்ததும், கல்யாணத்துக்கு வந்தே ஆக வேண்டுமென்று எங்களை இழுத்துப் போனார். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அப்பா ஸ்பீக்கர் பக்கம் நின்றுகொண்டு கண்ணை மூடியிருந்தார். பெண்ணைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “மோளம் வெச்சித்தான் இவ கல்யாணம்னு, இவ பொறந்தப்பவே நெனச்சிகினு இருந்தேன். கண்ண மூடிக்கினா, வெச்ச மாதிரியே கீது.”

மீஞ்சூர் தனலட்சுமி அம்மா

இவர் மகன் ஃபேக்டரி வேலையில் சேர்ந்து, அம்மாவுக்குப் புது செட் வாங்கிக் கொடுத்திருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வந்தார்கள். என்ன கோளாறு என்றேன். “பாடறவ இருக்கா. எங்க ஊட்டுக்காரரு இல்ல” என்றார் அம்மா. அவர் பாடுவாரா என்று கேட்டேன். “டோலக்கு” என்றார்.

அவர் கணவர் மெட்ராஸ் பாட்டுக் குழுக்களில் டோலக் வாசித்தவர். இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே ஒரு பக்திப் பாட்டு ரெக்கார்டில் அவர் கை இருக்கிறது. மேலே ஒட்டிய தாளில் அவர் பெயர் இல்லை. பழைய பெட்டியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, புதுப்பெட்டியில் டோலக்கே இல்லாத பாட்டைக் கேட்டு மிரண்டுவிட்டார். ரெசிஸ்டர் வைத்தால் மொத்தச் சத்தமும் கொஞ்சம் குறையும் என்றேன். “கொறையட்டும். நான் கிட்ட குந்திக்கறேன்.”

வைத்தேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பாட்டு நின்று டோலக் மட்டும் கொஞ்சம் ஓடியது. சிங்காரம் கண்ணைத் திறக்காமலே, “வந்துட்டாரு” என்றான். அம்மா ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து ரெக்கார்டு சும்மா சுற்ற, நான் ஊசியைத் தூக்கப் போனேன். “கைய எடு நைனா. அவரு வாசிச்சி முடிச்சா ஒடனே எழுந்திருக்க மாட்டாரு. கொஞ்ச நேரம் அப்பிடியே குந்திகினு இருப்பாரு.”

கும்மிடிப்பூண்டி இன்ஜினீயர்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் வந்தபோது இன்ஜினீயர் ஒருவர் மேக்னெடிக் கார்ட்ரிட்ஜ் போட்ட வெளிநாட்டு பிளேயரோடு வந்தார். அதற்கு நாற்பத்தேழு கிலோ ஓம் லோடு வைக்க வேண்டுமென்பது நம் எல்லாருக்கும் பாடம். வைத்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த மாதிரி இல்லை என்றார். ஓம் கூட்டினால் ஓசை காதைக் குத்தியது, குறைத்தால் மங்கியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். எந்த மாதிரி இருக்கணும் சார் என்று கடைசியில் சிங்காரம்தான் கேட்டான்.

கல்கத்தாவில் குடியிருந்த வீட்டு மாடியில், வீட்டுக்காரர் மகளோடு உட்கார்ந்து கேட்ட ரெக்கார்டாம் அது. அந்தப் பெண் கல்யாணமாகி டெல்லிக்குப் போய்விட்டாள். பிறகு பழைய நாற்பத்தேழையே வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். “உங்க வேலையில தப்பே இல்ல. அன்னிக்கு நான் பாட்டைச் சரியாவே கேக்கல போலிருக்கு.”

ஸ்டூல்

தங்கைகளுக்குக் கல்யாணம் பண்ண வேண்டியிருந்ததால் சிங்காரம் குவைத்துக்கு வேலைக்குப் போனான். அப்புறமும் நான் பற்றவைத்து முடித்ததும் பழக்கதோஷத்தில் ஸ்டூல் பக்கம் திரும்பி, “போதுமாடா?” என்று கேட்டுவிடுவேன். ஒருநாள் கடையில் காத்திருந்த காக்களூர்க்காரர் ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆரக் கேக்கற? நான் இந்தாண்ட கீறேனே.”

தொலைந்துபோன ஓசையைத் தேடிக் கொடுக்கிறவன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்தான், ஆளைத் திரும்ப வரவழைக்கும் ரெசிஸ்டரை மட்டும் எந்தக் கம்பெனியும் இன்னும் தயாரிக்கவில்லை.