துரைக்கு ஒரு சொல், முனியம்மாவுக்கு ஒரு சொல்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் நீதிமன்றப் பியூன் என் பத்திரிகை அலுவலகப் படியேறி வந்து, "முதலியார் போயிட்டாரு" என்றார். எந்த முதலியார் என்று நான் கேட்கவில்லை. கண்டி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் எல்லோரும் முதலியார்தான். ஆனால் பெயர் சேர்க்காமல் சொன்னால் அது சிவஞானம் அவர்களை மட்டுமே குறிக்கும்.

மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் அவரைப் பற்றி நான்கு வரிகள் வந்திருந்தன. எழுதியவர் புரொக்டர் இராஜநாயகம் என்ற வக்கீல். கடமை தவறாத உத்தியோகத்தர், ஆனால் சற்று 'எக்ஸென்ட்ரிக்' என்று முடித்திருந்தார். ஊர் வழமைக்கு மாறாக நடப்பவர், பெரியவர்கள் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்ள வேண்டியவர் என்பது அந்தச் சொல்லின் கருத்து. அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதையே பேசவேண்டும் என்பார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அப்படி ஒரு விதியும் இல்லை.

சிவஞானம் அவர்களை நான் முதலில் கண்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதியில். யாழ்ப்பாணத்தவர். கண்டி அஸ்கிரியவில் வாடகை வீடு. கறுத்த கோட்டின் உட்பையில் தோல் அட்டை போட்ட ஒரு குறிப்பேடு எப்போதும் இருக்கும். வழக்கத்துக்கு மாறானவற்றைச் சொல்ல ஆங்கிலேயர் வைத்திருக்கும் சொற்களை அதில் எழுதி வந்தார். 'ஒட்', 'க்வியர்', 'பெக்யூலியர்', 'எக்ஸென்ட்ரிக்', 'அவுட்லாண்டிஷ்' என்று பக்கத்துக்கு ஒரு சொல். அதன் கீழே தமிழ்க் கருத்து. அதற்கும் கீழே யார், யாரைப் பற்றி, எந்தத் தேதியில் அதைச் சொன்னார் என்ற விவரம்.

ஒரு மாலை கண்டி வாவியோரம் நடந்தபோது எனக்கு இரண்டு பக்கங்களை வாசித்துக் காட்டினார். ஒரு துரை தன் குதிரையை ஹோட்டல் விறாந்தையில் ஏற்றி அதற்குத் தேநீர் கொடுத்திருக்கிறார். அவருக்கு 'எக்ஸென்ட்ரிக்'. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளி, மழையில் தன் ஆடு நனையுமென்று அதைத் தான் குடியிருந்த லயத்து அறைக்குள் கட்டியிருக்கிறார். அவருக்கு 'க்வியர்', சந்தேகப்பட வேண்டிய விநோதம். அவரை இரண்டு நாள் பொலிசில் வைத்து விசாரித்திருக்கிறார்கள்.

"ஒரே வேலைக்கு ரெண்டு சொல் வைச்சிருக்கினம், நானா. ஆளைப் பாத்துத்தான் எடுக்கினம்" என்றார். நான் அவரைவிட ஒன்பது வயது இளையவன். ஆனாலும் முஸ்லிம் என்பதால் என்னை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே அழைப்பார். அதில் கொஞ்சம் கேலியும் உண்டு.

முப்பதுகளின் தொடக்கத்தில் மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முனியம்மா என்ற பெண் வழக்குக்கு வந்தார். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் பெரிய கிளாக்கர் அவருடைய புருஷனை அடித்துக் கையை முறித்துவிட்டார். அடித்ததை நேரில் கண்டவர் முனியம்மா ஒருவர்தான். கிளாக்கருக்காக வாதாடியவர் இதே இராஜநாயகம். அந்தப் பெண்ணின் புத்தி சரியில்லை என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. அதற்காகத் தோட்டத்துத் துரையைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்.

துரை ஆங்கிலத்தில் சாட்சி சொன்னார். அவள் தினமும் மாலையில் செத்துப்போன மகளுக்குத் தட்டில் சோறு வைத்துப் பேசுகிறாள், அவள் ஒரு 'க்வியர்' பெண் என்றார். பைத்தியம் என்கிறீர்களா என்று நீதவான் கேட்டார். துரை யோசித்தார். தோட்டத்தில் அவளைவிட நன்றாகக் கொழுந்து எடுப்பவர் இல்லை. இல்லை, 'க்வியர்' மட்டும்தான் என்றார்.

புரொக்டர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் கூண்டில் நின்று அதைத் தன் காதால் கேட்டுக் குழம்பவேண்டும் என்று ஆசைப்பட்டார். முனியம்மாவைத் திரும்பக் கூண்டில் ஏற்றி, துரை சொன்னதை மொழிபெயர்க்கச் சொன்னார். முதலியார் வாயைத் திறக்குமுன்பே, "பைத்தியம் எண்டு சொல்லும்" என்று தமிழில் எடுத்தும் கொடுத்தார்.

"துரை அப்பிடிச் சொல்லேல்லை, ஐயா" என்றார் முதலியார். பிறகு முனியம்மாவின் பக்கம் திரும்பி, நீ மற்றவர்களைப் போல இல்லாத விநோதமான பெண் என்று துரை சொல்கிறார், காரணம் அந்தச் சோற்றுத் தட்டு என்று நிதானமாகச் சொன்னார்.

முனியம்மா குழம்பவில்லை. "தொரை பங்களாவுலயும் செத்துப்போன தொரைசாணிக்கு மேசையில தட்டு வைக்கிறாங்க, சாமி. கோப்பையில ஊத்தியும் வைக்கிறாங்க. தொரையே வாய்விட்டுப் பேசுறதைச் சமைக்கிற பங்களாக் கோக்கி கேட்டிருக்காரு. அப்ப தொரைக்கும் இதே பேருதானா?"

முதலியார் அதை வரி பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னார். பெயர் வந்த இடத்தில் 'க்வியர்' என்றே சொன்னார். இராஜநாயகம் துள்ளி எழுந்து, துரையைப் பற்றி அந்தச் சொல்லா, குறைந்தபட்சம் 'எக்ஸென்ட்ரிக்' என்றாவது சொல்லக்கூடாதா என்று கேட்டார்.

"மனுசி கேட்டது துரை சொன்ன அதே சொல்லை. அதை மாத்த எனக்கு உரிமையில்லை" என்றார் முதலியார். நீதவான் துரையைப் பார்த்தார். துரை மறுக்கவில்லை, தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'க்வியர்' என்றே பதிவாயிற்று. கிளாக்கர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

முனியம்மாவின் அந்தக் கேள்வியை நான் என் செய்தியில் எழுதினேன். தோட்டத்து விளம்பரங்கள் போய்விடும் என்று ஆசிரியர் அதை வெட்டினார். நானும் வாய்மூடி இருந்தேன். இப்போது அது அச்சில் வந்திருக்கிறது.

மூன்று மாதத்துக்குள் மேலிடத்துக்கு ஒரு மனு போனது. மொழிபெயர்ப்பாளரின் போக்கு 'பெக்யூலியர்' ஆக, வழமைக்குப் புறம்பாக இருக்கிறது, அவர் பகிரங்க மன்றத்துக்குப் பொருத்தமில்லாதவர் என்று அதில் இருந்தது. கையெழுத்து இராஜநாயகத்தினுடையது. பிரதியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதன் பிறகு சிவஞானம் அவர்களுக்கு மன்றமில்லை; பின்கட்டில் பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கியிருந்த அறைதான். அந்தத் தூசியில் இருமி இருமியே அவர் நெஞ்சு கெட்டது.

போன மாதம் பார்க்கப் போனபோது குறிப்பேட்டை என்னிடம் தந்தார். கடைசிப் பக்கத்தில் இராஜநாயகத்தின் பெயர் மட்டும் இருந்தது. "இந்த ஆளுக்கு ஒரு சொல்லும் எனக்கு அகப்படேல்லை, நானா. நீங்கள் எழுதுங்கோ" என்றார்.

புதன்கிழமை அஸ்கிரிய வீட்டு முற்றத்தில் பிரேதம் கிடந்தது. மடுல்கெல்லையிலிருந்து முனியம்மா வந்து ஓரமாக நின்றார். முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்திருந்தார். இராஜநாயகம் உத்தியோகத்தர்கள் முன்னால் ஆங்கிலத்தில் பேசினார். பத்திரிகையில் எழுதிய அதே சொல்லை அங்கேயும் சொன்னார். சிலர் மெல்லச் சிரித்தார்கள்.

முதலியாரைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று முனியம்மா என்னிடம் கேட்டார். பைத்தியம் என்கிறார் என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அது அவர் சொல்லாத சொல்லாகி, இராஜநாயகம் தப்பியிருப்பார். ஆகையால் சரியாகவே மொழிபெயர்த்தேன்: மற்றவர்களைப் போல இல்லாத விநோதமான மனிதர்.

"எனக்குச் சொன்னதுதான்" என்றார் முனியம்மா. "அன்னைக்குக் கோர்ட்டுல கத்துன அந்த ஐயாவா இவரு?"

ஆம் என்றேன். தலைமாட்டில் இருந்த முதலியாரின் மனைவிக்கு அது கேட்டது. வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. ஊர்ப் பெரியவர் என்ற முறையில் இராஜநாயகம் முதலில் வந்து அரிசிக்குக் கை நீட்டினார். அந்த அம்மா பாத்திரத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு இல்லை. அந்தத் தோட்டத்துப் பிள்ளையை முன்னுக்கு வரச் சொல்லுங்கோ."

உறவினர் முகங்கள் சுருங்கின. தோட்டத்துப் பெண் ஒருத்தி யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிரேதத்துக்கு வாய்க்கரிசி போடுவதை அந்த முற்றம் அதுவரை கண்டதில்லை. முனியம்மா தன் முந்தானை அரிசியை அவிழ்த்துப் போட்டார். நீட்டிய கை அந்தரத்தில் நிற்க இராஜநாயகம் நின்றதை நாற்பது பேராவது பார்த்தார்கள். பிறகு அவர் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். யாரும் அவரைப் பின்தொடரவில்லை.

அன்று மாலை குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைப் பூர்த்தி செய்தேன். இராஜநாயகத்துக்கு முதலியார் வைத்திருந்த சொல் எதுவும் பொருந்தவில்லை. அவர் செய்ததில் விநோதம் எதுவுமில்லை. அவர் இடத்தில் இருந்த எல்லோரும் செய்ததுதான். 'ஓர்டினரி' என்று எழுதி, கீழே தமிழில் 'சாதாரண ஆள்' என்று கருத்தும் எழுதி, தேதியிட்டேன்.

போய்வாருங்கள், முதலியார். உங்கள் கடைசிப் பக்கம் நிரம்பிவிட்டது.