குளோரம்பெனிக்கோல் மட்டும் தாராளம்

1992 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி மருந்தறையைத் திறந்தேன். எட்டு மணிக்கு இருப்புப் புத்தகத்தைச் சரிபார்த்தேன். எட்டேகாலுக்குக் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். போர்க்காலத் தடையில் அதை ஓட்ட மண்ணெண்ணெய் வராததால் அது இரண்டு மாதமாக என் குடைக்கான அலுமாரியாகக் கடமையாற்றி வந்தது.

முந்திய கிழமைதான் கப்பலில் மருந்து வந்திருந்தது. நாங்கள் அனுப்பிய பட்டியலில் கிருமிக்கான ஜென்ரமைசினையும் வலிப்புக்கான பீனோபாபிற்றோன் ஊசியையும் பாதுகாப்பு அமைச்சில் யாரோ ஒரு பெரிய மனிதர் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். பிறந்து மூன்று நாளான பிள்ளைகள் அவற்றை வைத்து என்ன செய்துவிடுவார்களோ என்ற கவலையாக இருக்கலாம். பதிலுக்கு, கேளாமலே குளோரம்பெனிக்கோல் என்ற வேறொரு கிருமி மருந்து பெட்டி பெட்டியாக வந்தது. பச்சைக் குழந்தையின் ஈரல் அதைத் தாங்காது. உடம்பு சாம்பல் நிறமாகி, பிள்ளை போய்விடும். பெட்டிகள் என்னவோ மிக நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தன.

பத்து மணிக்குக் குழந்தைகள் விடுதி டொக்டர் தானே வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தொண்டைமானாற்று மீனவக் குடும்பமொன்றின் பெண் குழந்தை, பிறந்து மூன்றாம் நாள், இரத்தத்தில் கிருமி, விடிந்ததிலிருந்து இரண்டு தடவை வலிப்பு. பெனிசிலினோடு சேர்த்துக் கொடுக்க ஜென்ரமைசின் வேண்டும் என்றார்.

பழைய இருப்பில் பன்னிரண்டு குப்பிகள் இருந்தன. ஆனால் அவை சத்திரசிகிச்சைக்கென ஒதுக்கியவை; சத்திரசிகிச்சை நிபுணரின் கையெழுத்தில்லாமல் வெளியே போகா. இந்த விதியை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிய மேதை நான்தான். நிபுணரோ அச்சுவேலியில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார்; மறுநாள்தான் வருவார். நான் கதவைக் காட்டினேன். டொக்டர் கடைசி வரிவரை பொறுமையாக வாசித்தார்.

“வடிவான எழுத்து, அண்ணை. பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டட்டோ?”

குளோரம்பெனிக்கோல் எவ்வளவும் தரலாம் என்றேன். என் இருபது வருட அனுபவம் பேசியது.

“ஓம், தாங்கோ. பிள்ளை சாம்பலானால் தாயிட்டை என்ன சொல்லுறதெண்டும் உந்தக் கதவிலையே எழுதிவிடுங்கோ.”

அலுமாரியைத் திறந்து ஒரு ஜென்ரமைசின் குப்பியை எடுத்தேன். பெரியவர்களுக்கான குப்பி அது. குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. மிச்சத்தை எறிந்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அதை எழுதியவன் நானல்ல என்பதால் மீறுவது சுலபமாக இருந்தது. குப்பியை ஈர மணற்சட்டியின் குளிர்மையில் வைத்து அடுத்த வேளைக்கும் எடுப்பது என்று முடிவாயிற்று.

அடுத்தது வலிப்பு. டயசிப்பாம் ஊசி கையிருப்பில் இருந்தது. அது பிள்ளையை அடக்கும். மூச்சையும் சேர்த்து அடக்கக்கூடும். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெயர்ப்பலகை இருந்ததே தவிர, மூச்சுக் கருவி இருக்கவில்லை. ஆகவே கையிருப்பிலிருந்த பீனோபாபிற்றோன் மாத்திரையைப் பொடித்து, மூக்குக் குழாயால் கொடுக்க டொக்டர் தீர்மானித்தார்.

பின்னேரம் விடுதியில் ஏதோ குப்பிகளை எண்ண இருப்பதுபோலப் போனேன். தாய் என்னைப் பார்த்து, “ஐயா, நீங்களோ மருந்து வைச்சிருக்கிறனீங்கள்?” என்று கேட்டார். ஓம் என்றேன். பூட்டி வைத்திருப்பவன் என்று திருத்தவில்லை. எதையும் திருத்தாமல் விடும் வழக்கம் எனக்கில்லை.

மறுநாள் காலை மருந்தறையைத் திறக்காமல் நேரே விடுதிக்குப் போனேன். குழந்தையின் நிறம் சிவப்பு. இரவில் ஒரேயொரு வலிப்பு, அதுவும் சிறியது என்றார் தாதி. வரும் நாட்களுக்கென மேசையில் இன்னொரு மாத்திரையைப் பொடித்து, குளுக்கோசு கலந்து, சவர அலகால் ஆறு பங்காக்கிக் காகிதங்களில் மடித்தேன். முதலாவது பங்கைத் தாய்ப்பாலில் கரைத்து, டொக்டர் குழாயில் விட்டார்.