மூன்று அவஸ்தை

1. அம்மாவின் தம்பி, என் மாமா, அண்ணாமலை நகரில் சிறிய பதிப்பகம் நடத்துகிறார். ஓர் உபநிடதத்தின் தமிழ் உரையை ஆங்கிலத்தில் தரச் சொன்னார். கடலூர் கெமிக்கல் கம்பெனியில் இயந்திரக் கையேடுகள் எழுதும் நான் ஒப்புக்கொண்டேன்.

2. ‘அவஸ்தை’ என்று வந்த இடமெல்லாம் ‘ஸ்டேட்’ என்று எழுதினேன். விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என மூன்று நிலைகள். சமஸ்கிருதத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள்.

3. அச்சுக்குப் போகும் முன் மாமா அதை ‘சஃபரிங்’, அதாவது துன்பம், என்று மாற்றினார். என்னைக் கேட்கவில்லை.

4. புத்தகம் என் பெயரோடு வெளிவந்தது. நான் மொழிபெயர்த்த முதல் நூல்.

பல்வலி அவஸ்தை, பஸ்ஸில் நின்றுகொண்டே போவது அவஸ்தை. மாமாவுக்குத் தெரிந்தது இந்த அவஸ்தை மட்டும்தான். சமஸ்கிருதம் படிக்காதது குற்றமில்லை. படித்தவரைப் போல என் வரியைத் திருத்தினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் வெளியீட்டு விழா. நாட்டியம் கற்க வந்திருந்த வெளிநாட்டுப் பெண் எழுந்தார். ஆழ்ந்த உறக்கம் ஆனந்தம் என்று ஒரு வரி சொல்கிறது, அடுத்த வரி அதையே துன்பம் என்கிறது, எது சரி என்று கேட்டார். மாமா சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், அக்கா பெண் இன்ஜினியர், தத்துவம் அவளுக்குப் புதிது, தவறு நேர்ந்திருக்கும் என்றார்.

“நான் ‘ஸ்டேட்’னுதான் போட்டேன் மாமா. மாத்துனது நீங்க.”

அவர் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினார். “வெளிநாட்டுக்காரங்க முன்னாடி மானத்த வாங்காத. உன் தப்புன்னே இருந்துட்டுப் போவட்டும். சின்னப் பொண்ணு, யாரும் கோச்சிக்க மாட்டாங்க.”

“உங்க தப்புன்னு சொல்லுங்க. வயசானவரு, இன்னும் ஜாஸ்தியா மன்னிப்பாங்க.”

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நான் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்திலேயே, அது துன்பமில்லை, நிலை, அச்சாகியிருப்பது நான் எழுதியதல்ல என்றேன். அவர் தன் பிரதியில் பென்சிலால் திருத்திக்கொண்டார்.

ஒரு வார்த்தைக்காகச் சபையில் தம்பியின் தலையைக் குனிய வைத்துவிட்டாயே என்று அம்மா திட்டினாள். என் கையேட்டில் ‘திற’ என்பதை யாராவது ‘மூடு’ என்று மாற்றினால், குடும்ப மானம் வந்து வால்வைத் திறக்காது என்றேன்.

சொல்லைத் திருத்துங்கள், முடியாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார். இப்போது மறுபதிப்பும் வந்துவிட்டது. அதில் ‘சஃபரிங்’ அப்படியே இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. மாமா வீட்டுக்கு நான் போவதில்லை.