முறைவைத்துச் சுமந்த பிள்ளை

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அம்மாவின் மடி, இடுப்பு, முந்தானை எல்லாவற்றையும் எனக்கே பட்டா போட்டுக் கொடுத்ததுபோல ஏழு வயது வரை அனுபவித்து வந்தேன். அப்புறம் ஒருவன் வந்தான். அவன் எங்கள் வீட்டுப் பிள்ளைகூட இல்லை என்பதுதான் என்னால் பொறுக்கவே முடியாத விஷயம்.

பண்டசோழநல்லூரில் எங்கள் தெருவின் கோடி வீட்டு அக்காவுக்குக் குறைமாதத்தில் பிறந்தவன் அவன். டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, தேறிவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தேறிய லட்சணமே அப்படி. நான் எட்டிப் பார்த்தபோது துணிக்குள் அணில் குஞ்சு மாதிரி கிடந்தான்.

அந்த அக்கா அவனைத் தொடவில்லை. முன்னால் பிறந்தது ஒன்று தங்கவில்லை. இதுவும் தங்காது, முகம் பார்த்துப் பழகிவிட்டால் மனசு தாங்காது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பாலை மட்டும் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொடுத்துவிடுவாள். அவளுக்குத் தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. புருஷன் கரும்பு வெட்டப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

எங்கள் ஊருக்கு சப்சென்டர் நர்ஸ் ஒருவர் ஸ்கூட்டியில் வருவார். ஊருக்கே அவர் சிஸ்டர். பால்வாடியில் மகளிர் குழு கூடும்போது அவரும் வந்து பாயில் உட்கார்ந்துகொள்வார். கொசுப்புழு ஒழிப்பது, கர்ப்பிணிகளை மாத்திரை விழுங்க வைப்பது என்று குழுப் பெண்களிடம் ஏதாவது வேலை வாங்கிக்கொண்டே இருப்பார். அவர் தனியாகப் போனால் சாத்திக்கொள்ளும் கதவுகள் குழுவோடு போனால் திறந்தன. அன்று அவர் கேட்டது கொஞ்சம் பெரிய வேலை. இந்தப் பிள்ளைக்கு உடம்புச் சூடு நிற்கவில்லை. யாராவது அவனைத் தோலோடு தோலாக நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகாது, முறை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆனால் அது பிள்ளை பெற்ற வீடு, தீட்டு. அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர்கள் பிள்ளையை எப்படி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார்கள்? குழுத் தலைவியாக இருந்த என் பெரியம்மாதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"வூட்டுக்கு வந்ததும் தலக்கி ஊத்திக்கினா போச்சி. இதுக்கு இன்னா பஞ்சாயத்து?"

சிஸ்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போறதுக்கு முன்னாடியும் குளிச்சிட்டுப் போங்கக்கா, புள்ளைக்கு நல்லது" என்று தன் பங்குக்கு ஒரு முழுக்கைச் சேர்த்துவிட்டார்.

அம்மாவுக்குச் சாயங்கால முறை வாய்த்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் வீடு பூட்டிக் கிடக்கும். பையைத் தூக்கிக்கொண்டு கோடி வீட்டுக்கு ஓடினால் என்னை உள்ளே விடமாட்டார்கள். எனக்கு எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். வாசல்படியில் நின்றபடி பார்ப்பேன். அம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். அவள் கழுத்துக்குக் கீழே ஒரு கம்பளிக் குல்லாய் தெரியும். அதை மோந்து பார்ப்பாள். அதனிடம் ஏதோ பேசுவாள். அவனைச் சேர்த்துக் கட்டியிருந்தது நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குத் தூளி கட்டிய புடவை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருந்தாள். வயிறு எரிந்தது எனக்கு.

முறை முடிந்து வந்தாலும் நேரே என்னிடம் வரமாட்டாள். "கிட்ட வராத, தீட்டு" என்று கையைக் காட்டிவிட்டுத் தோட்டத்துக் குழாயடிக்குப் போய்விடுவாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவாள். அப்புறம்தான் நான் கட்டிக்கொள்ளலாம். கூந்தலிலிருந்து என் கழுத்தில் தண்ணீர் சொட்டும். சூடான அம்மா அவனுக்கு, ஜில்லிட்ட அம்மா எனக்கு. இது எந்த ஊர் நியாயம் என்று புரியவில்லை.

"அந்தப் புள்ளய எப்பம்மா ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"திருப்பிக் குடுக்க அது இன்னா எரவல் குண்டானா? போய்ப் படிடி."

கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் காய்ச்சல் வரவழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். மொட்டை மாடி வெயிலில் நெற்றி சுடும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கி வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளிருது குளிருது என்று முனகினேன். அம்மா பதறிப்போய், தெருவில் போய்க்கொண்டிருந்த சிஸ்டரை நிறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிஸ்டர் என் அக்குளில் தர்மாமீட்டரை வைத்தார். எடுத்துப் பார்த்தார். அப்புறம் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லக்கா. இது வேற" என்றார். என்னவென்று சொல்லவில்லை. என் பக்கம் குனிந்து, "சளி போனதும் குளிச்சிட்டு அம்மாவோட வா பாப்பா. உனக்கும் ஒரு முறை தர்றேன்" என்றார்.

என் மூக்கு ஒழுகுவது நின்ற ஒரு விடுமுறை நாளில் குளித்துவிட்டு அம்மாவோடு கோடி வீட்டுக்கு ராஜநடை நடந்தேன். அதற்குள் அவனும் கொஞ்சம் சதை போட்டிருந்தான். அம்மா உட்காரும் இடத்தில்தான் என்னையும் உட்காரவைப்பார் என்று நினைத்தேன். சிஸ்டர் பாயை எடுத்துப் போய் அந்தப் பக்கம் போட்டார். அக்கா எந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளோ, அந்தச் சுவரிலேயே என்னைச் சாய்ந்து உட்காரச் சொன்னார். அவள் முகமும் என் முழங்காலும் ஒரு முழம் இடைவெளியில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டாள்.

என் சட்டையைக் கழற்றி, அவனை நெஞ்சில் வைத்துப் புடவையால் கட்டினார் சிஸ்டர். தன் கையை அவனுக்கு அடியில் கொடுத்திருந்தார். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு என் தோலில் பட்டது. கதகதவென்று இருந்தது. இதற்காகத்தான் அம்மா தினமும் ஓடிவருகிறாளா என்று புரிந்தது. புரிந்ததும் அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இத்தனை நாள் தனியாக அனுபவித்திருக்கிறாளே.

"இவன நானே வளத்துக்கறேன். இவங்கதான் பாக்கவே மாட்றாங்களே. எங்க வூட்டுக்கே தூக்கினு போயிடலாம்மா" என்றேன். சொன்ன வேகத்தில் நான் அசைய, அவன் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"தலயப் புடி."

யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டறியாத குரல். அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளயப் புடிக்கத் தெரியல இவளுக்கு. குடு இங்க."

சிஸ்டர் முடிச்சை அவிழ்த்தார். அக்கா அவனை வாங்கி, அவசர அவசரமாகத் தன் நெஞ்சில் சேர்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டர் தன் பையில் எதையோ தேடுவதுபோலத் துழாவிக்கொண்டிருந்தார். என் முறை இன்னும் முடியவில்லை, பிடுங்கிக்கொண்டாள் என்று நான் தெருவே கேட்க அழுதேன். அவன் இப்போது மீசை வைத்துக்கொண்டு பைக்கில் போகிறான். எதிரில் வந்தால் எனக்கு ஒரு சிரிப்புக்கூடக் கிடையாது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"இத்தினி பேர் இருந்தோமே சிஸ்டர், போயும் போயும் இவ கைல குடுத்தீங்களே?"

"நீங்கல்லாம் வெச்சிக்கினா அவங்களுக்கு நிம்மதியா இருந்திச்சிக்கா. அதான் எழுந்திரிக்கல" என்றார் சிஸ்டர். "இனிமே யாரும் முறைக்குப் போக வேணாம். அவங்களே பாத்துக்குவாங்க."

"ரொம்ப நல்லது சிஸ்டர்."

சிஸ்டர் ஸ்கூட்டியில் ஏறிய பிறகு அம்மா வாசலுக்குப் போனாள். "சும்மா ஒருவாட்டி நான் போயி வெச்சிக்கினு வந்துடட்டா? நாளைக்கு மட்டும்."

"வேணாங்கா. அவங்க குடுக்க மாட்டாங்க. நீங்களும் கேட்டுடாதீங்க."

அம்மா உள்ளே வந்து மறுபடி அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தாள். நான் போய் அவள் மடியில் ஏறிக்கொண்டேன். அவள் இறக்கிவிடவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. கோடி வீட்டுப் பக்கத்திலிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அவள் உடம்பு எழுந்திருக்கப் போனது. பிறகு அழுகை நின்றுவிட்டது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அவளுக்கு இன்னா தெரியும் புள்ள வளக்க" என்றாள்.

என் மனசு குளிர்ந்துபோயிற்று. அம்மாவும் என் கட்சிக்கு வந்துவிட்டாள், இனி அவனை மறந்துவிடுவாள் என்று அன்று இரவு முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.