தானாக வெளுத்த பச்சை

வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற மனுஷன், எந்த நிறத்தைக் கலந்தாலும் சுவரில் ஒரு கோடு இழுத்துப் பார்க்காமல் நம்பவே மாட்டார். அன்று மச்சினன் கொடுத்த, சோம்பு வாசமடிக்கும் அப்சிந்த் மதுவை க்ரீமோடு கலந்து குடிக்க உட்கார்ந்தார். அந்த மதுவின் தெளிந்த பச்சையில் ஐஸ் தண்ணீர் விட்டதுதான் தாமதம், தம்ளர் முழுக்கப் பாலாய் வெளுத்தது. க்ரீமோ இன்னும் கிண்ணத்திலேயே இருந்தது.

பழக்க தோஷம், விரலை முக்கிச் சமையலறைச் சுவரில் இழுத்தார்.

"ஏங்க, குடிக்கிறதையுமா செவுத்துல பூசுவீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. காயட்டும்."

காய்ந்த இடத்தில் பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை; வெறும் சுவர்தான். மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார்.

"எத்தனை வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்கேன், இப்படித் தானா வந்து தடமில்லாம போற வெள்ளையப் பாத்ததில்லடி. இதுல க்ரீம் ஊத்த மனசே வரல."

மனைவி இன்னொரு தம்ளரை எடுத்து வைத்தாள்.

"திரும்பக் கலங்க. வெளுக்கிறத நானும் பாக்கணும்."