கோம்பை வண்டியில் ஒரு ஓரம்

தேனியிலிருந்து உத்தமபாளையத்துக்குப் பதினெட்டு மைல். பெட்ரோல் பஞ்சத்தால் அடுப்புக்கரியில் ஓடிய யுத்த காலத்து பஸ், ஏற்றம் வந்தபோதெல்லாம் எங்களை இறக்கிவிட்டது. டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, பஸ்ஸைத் தள்ளவும் வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடன் வந்த பிரசங்கியார் மட்டும் சிரித்துக்கொண்டே தள்ளினார். அவர் ஊர் ஊராக வேதம் வாசித்துப் பிரசங்கிப்பவர். நான் மதுரையிலிருந்து சும்மா ஊர் பார்க்கக் கிளம்பியவன்.

உத்தமபாளையத்தில் போக வர ஒன்றரை ரூபாய்க்கு மாட்டுவண்டி பேசி, மேற்கே ஐந்து மைல் கோம்பைக்குப் போனோம். மலை அந்த ஊரின் தலைமாட்டிலேயே நிற்கிறது. வண்டி நின்றதும் பேச்சியம்மா என்றொரு பெண் ஓடிவந்தாள். மகளுக்கு ஒரு வாரமாகக் குளிர்காய்ச்சல்; கண்ணே திறக்கவில்லையாம்.

"திரும்பையில பாளையத்து ஆஸ்பத்திரிக்கு எம்பிள்ளையக் கொண்டுபோயிருங்கய்யா."

பிரசங்கியார் நல்ல மனிதர்தான். ஆனாலும், "வண்டியில எடமில்லையேம்மா. ஆர்மோனியம் இருக்கு, புஸ்தகக் கட்டு இருக்கு. சாயங்காலம் சின்னமனூர்ல எங்க சபையார் காத்திருப்பாக. மொதல்ல அவுகளப் பாக்கணும்" என்றார். அவள் போகவில்லை. பிரசங்கம் கேட்கக் கூடிய கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

அன்று அவர் வாசித்த பகுதியில், நோயுற்ற மகளுக்காக வேற்று இனத்துத் தாய் ஒருத்தி இயேசு ஆண்டவரைக் கெஞ்சுகிறாள். முதலில் தம் ஜனந்தான், பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்று பதில் வருகிறது. மேசையிலிருந்து சிந்துவதை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்கிறாள் அவள். அவ்வளவுதான், சங்கிலியில் நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்துவிட்டார். கோம்பை நாய் வேட்டைக்கும் வீறாப்புக்கும் பேர்போனது.

"சிந்துனதத் திங்குமா? எங்கூரு நாயி அத மோந்துகூடப் பாக்காதுய்யா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிரசங்கியாருக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோனது; புத்தகத்தை மூடப்போனார்.

"மூடாதீக!" பின்னாலிருந்து பேச்சியம்மா கத்தினாள். "அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?"

அவர் மறுபடி திறந்து வாசித்தார். அப்படி எதிர்ப்பேச்சுப் பேசிய தாயின் விசுவாசத்தை ஆண்டவர் மெச்சினார். மகள் அப்பொழுதே குணமானாள்.

பேச்சியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவ சிந்துனது போதும்னா. எனக்கு ஒங்க வண்டியில ஒரு ஓரம் போதும்யா."

ஆத்தாடி! இதே பகுதிக்கு மதுரையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறேன். இங்கே பிரசங்கமே இல்லை. வாசித்தது எழுந்து வந்து, வாசித்தவர் முன்னாலேயே நின்றது.

பிரசங்கியார் ஆர்மோனியத்தைத் தாமே இறக்கினார். நாய்க்காரர் அதைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். தாயையும் மகளையும் ஏற்றிவிட்டு, ஐந்து மைலும் வண்டிக்குப் பின்னால் நடந்தோம். சின்னமனூர்க் கூட்டம் அவ்வளவுதான்.

மறுநாள் பஸ் ஏறுமுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை கண் திறந்து, கஞ்சி குடித்திருந்தது. பேச்சியம்மா பிரசங்கியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"அந்தப் புஸ்தகத்துல, சொகமான பிள்ளைக இன்னும் இருக்காகளாய்யா?"

"இருக்காகம்மா" என்று அவர் பக்கத்தைப் புரட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்களும் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான். கோவிலில் பிரசங்கம் எப்போது முடியுமென்று கடிகாரம் பார்க்கிறவன் நான். பஸ்ஸைப் போகவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.